அம்பு ஸ்டிக்கர்

எங்கள் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவரைப் போல ஒரு முட்டாள் ரசிகரை நான் கண்டதில்லை. ஒல்லி உடம்பு, மூக்கு நுனியில் கண்ணாடி. டி-ஷர்ட்டில் ஒரு தையல் பிசகினாலும் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவார். அவருடைய நடிகரிடம் மட்டும் ஒரு குறையும் சொல்லக் கூடாது. டீ டம்ளரை வைத்துவிட்டுச் சண்டைக்கு வருவார்.

ஒருநாள் நான் விடவில்லை. "ஏனுங்ணா, உங்காளுக்கு நடிப்பே வரலீங்களே. புதுப்படம் பூரா ஸ்டிக்கர்தான் ஒட்டோணும்."

"நீங்க பாத்தீங்களா கண்ணு?"

"மொத நாளே பாத்தனுங்க. நீங்க?"

"இல்லீங்க. அவரு படத்துக்குப் போறதை நிறுத்தி அஞ்சாறு வருசமாச்சு."

"பாக்காமயா இத்தனை சண்டை?"

"பாத்தா எனக்குக் குத்தந்தான் கண்ணுல படும். பொழப்பு அப்படி. அவரொருத்தராச்சும் முழுசா இருக்கட்டுமே."

இந்தக் கிறுக்குத்தனத்தை ஆபீஸ் முழுக்கச் சொல்லிச் சிரித்தேன்.

போன வாரம் என் நடிகரின் படம் வந்தது. முதல் காட்சிக்குப் போய், பொறுக்க முடியாமல் இடைவேளையிலேயே வெளியே வந்துவிட்டேன். மறுநாள் டீ நேரத்தில் படம் எப்படி என்று எல்லோரும் கேட்டார்கள்.

"இன்னும் பாக்கலீங்க" என்றேன்.

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்த அவர், டம்ளரைக் கீழே வைக்காமல் டீயைக் குடித்தார்.