மணியத்துக்காகச் சண்டை போட்ட தேவராஜன்

போன புதன்கிழமை ஈப்போ மார்க்கெட்டில் மீன்காரர்தான் சொன்னார்: "தேவராஜன் அண்ணே போயிட்டாரு லா. காலையிலதான்." கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். என்னோடு கோயில் கமிட்டியில் இருந்தவர். அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. இரங்கல் கூட்டத்தில் நம் தலைவர் அவரைக் கோயிலின் தூண் என்று புகழ்ந்தபோது அது இரட்டிப்பாயிற்று. அந்தத் தூணைப் பிடுங்கி வெளியே எறிந்தது நாம்தானே?

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எழுபதுகளின் கடைசியில் கோயில் குத்துவிளக்கு ஒன்று காணாமல் போனது. மணியம் என்பவன், துண்டுபோட்டு விற்கப்பட்ட ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவன். பகலில் கோப்பெங் லம்பத்தில், அதாவது ஈயச் சுரங்கத்தில், கூலி வேலை, மாலையில் கோயிலைக் கூட்டும் வேலை. ஒரு வாரமாக ஆள் வராததால் சந்தேகம் அவன் மேல் விழுந்தது. வந்ததும், வழக்கப்படி கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னோம். தட்டைப் பிடித்திருந்தவன் நான். மொட்டைத் தலையோடு வாசலுக்கு வெளியே நின்றவன், "நான் இப்ப உள்ள வரக்கூடாதுங்க" என்றான்.

"குத்தத்தையும் பண்ணிட்டு மொட்டை வேற போட்டிருக்கான் பாரு" என்றார் தலைவர்; இன்றைக்கும் அவரேதான் தலைவர். போலீசைக் கூப்பிட்டோம். செயலாளராகிய நான் கூட்டக் குறிப்பேட்டில், "சத்தியம் செய்ய மறுத்ததால் குற்றம் உறுதி" என்று எழுதினேன்.

மறுநாள் தேவராஜன் லாக்கப்பில் அவனைப் பார்த்துவிட்டு நேரே என் வீட்டுக்கு வந்தார். உட்காரக்கூட இல்லை. "ஊருல, காம்பார்ல, அவன் அம்மா செத்து எட்டு நாள்தான்யா ஆச்சு. கொள்ளி வச்சவன் தீட்டோட கற்பூரத்தைத் தொடுவானா? ஏன் வரக்கூடாதுன்னு ஒருத்தனாவது கேட்டீங்களா?"

நான் கேட்கவில்லை. சாமியை மதித்து வெளியே நின்றவனைச் சாமி பெயரைச் சொல்லியே திருடனாக்கிவிட்டோம்.

இரண்டு வாரத்தில் விளக்கு திரும்பி வந்தது. தலைவரின் மைத்துனர்தான் தன் வீட்டு நிச்சயதார்த்தத்துக்கு எடுத்துப் போனாராம், சொல்ல மறந்துவிட்டாராம். அவர் செய்தால் மறதி! மணியத்தை விட்டுவிட்டார்கள். ஆனால் லம்பத்தில் வேலை போயிருந்தது. பிறப்புப் பத்திரம் இல்லாமல், குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவனுக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? அடுத்த வருஷம் ஒரு மோட்டார் சைக்கிளைத் திருடி, உண்மையாகவே சிறைக்குப் போனான்.

உடனே மண்டபத்தில், இளைஞர்கள் ஏன் குற்றம் செய்கிறார்கள் என்று கூட்டம் போட்டோம். ஒரு சாமியார் முன்வினை என்றார். ஓர் ஆசிரியர் வளர்ப்பு சரியில்லை என்றார். தொழிற்சங்கக்காரர் வறுமை என்றார். தேவராஜன் எழுந்தார். "மோட்டார் திருடினது தப்புதான், அதை அவன்கிட்டயே சொல்லிட்டேன். வினை, வளர்ப்பு, வறுமை எல்லாம் இருக்கட்டும் லா. அவனை மொதல்ல திருடன்னு சொன்னது யாரு? இங்க ஒக்காந்திருக்கிற நாமதானே? குறிப்பேட்டுல இருக்கிற அந்த வரியை அடிங்க."

கோயில் மானத்தை வாங்குகிறார் என்று அவரைக் கமிட்டியிலிருந்து நீக்கினோம். நானும் கை தூக்கினேன்.

அதன் பிறகு எங்கே பார்த்தாலும் அவர் கேட்டது ஒன்றுதான்: "அடிச்சிட்டியா?"

"கமிட்டி சம்மதிக்கணும்ண்ணே."

"எழுதறப்ப அந்தப் பையன்கிட்ட சம்மதம் கேட்டியா?"

இரங்கல் கூட்டம் முடிந்ததும் அலமாரியைத் திறந்து அந்த வரியை அடித்தேன். "மணியம் விளக்கைத் திருடவில்லை. தவறு எங்களுடையது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நேற்று கமுந்திங் போய், அங்கே ஒரு தொழிற்சாலையில் சுமை தூக்கும் மணியத்திடம் சொன்னேன். அவன் என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. "தேவராஜன் அண்ணே உசிரோட இருக்கறப்பவே செஞ்சிருக்கலாமே" என்றான்.

தேவராஜனிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அவருடைய கோபத்தைத்தான். முதலில் அதை என் மேலேயே காட்டிக்கொண்டேன். அடுத்தது, தலைவரே, உங்கள் முறை.