பெல்ட் காட்டிய பந்தி

எனக்குப் பார்வை போனதிலிருந்து, திருநகர் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரை என்னை பைக்கில் கொண்டுபோய் விடுவது மனைவியின் தம்பி. தங்கமான பையன்தான். ஆனால் வழியெல்லாம் புத்தி சொல்லுவான். என் சர்க்கரை, என் தொப்பை, நான் தலை சீவியிருக்கும் லட்சணம். ஓடுகிற பைக்கில் உட்கார்ந்திருப்பவன் எங்கே தப்பி ஓட முடியும்?

அதற்காகத்தான் வழி காட்டுகிற பெல்ட் ஒன்றை வாங்கினேன். கூடவே கேமரா வைத்த ஒரு கண்ணாடி. எதிரே ஏதாவது வந்தால் கண்ணாடி காதோரம் சொல்லும்; எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்கம் பெல்ட் அதிரும். கடைசி ஓட்டையில்தான் எனக்கு மாட்டியது. மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"இந்த வாரம் தனியாப் போயிட்டு வாங்க. எங்கயாச்சும் மாட்டிக்கிட்டு நின்னீகன்னா, அப்புறம் காலம்பூரா தம்பி பைக்குதான்."

கண்ணாடிக்குள் ஒரு பெண் செய்தி வாசிக்கிற தமிழில் பேசினாள். "இரண்டு மீட்டரில் தடை" என்பாள். மாடா, மணல் குவியலா, பக்கத்து வீட்டுக்காரரா, சொல்ல மாட்டாள். எங்கள் தெருவில் தடை இல்லாத இரண்டு மீட்டர் ஏது? கல்யாணமாகி இத்தனை வருடத்தில் மனைவி கூட என்னை அத்தனை தடவை தடுத்ததில்லை.

முதல் இரண்டு நாள் எப்படியோ போய்ச் சேர்ந்தேன். மூன்றாம் நாள் காலை, "நேராகச் செல்லவும்" என்றாள். சென்றேன். நேரே ஒரு காதுகுத்துப் பந்தல். ராத்திரியோடு ராத்திரியாகத் தெருவை அடைத்துப் போட்டிருக்கிறார்கள். பாவம், அவளுக்கு யார் பத்திரிகை வைத்தார்கள்? ஸ்பீக்கர் அலறலில் அவள் குரல் காணாமல் போனது. நெஞ்செலும்பு வரை அதிர்ந்ததில் பெல்ட் எந்தப் பக்கம் தள்ளுகிறது என்றும் தெரியவில்லை. குச்சியை நீட்டினால் நாலாபக்கமும் நாற்காலி.

ஒரு கை என் தோளைப் பிடித்தது. "வாங்கண்ணே! தாய்மாமன் வீட்டு ஆளா?"

"பஸ் ஸ்டாப்புக்குப் போற ஆளுண்ணே."

"அட, ஜோக்கடிக்காதீகண்ணே. உக்காருங்க, எலை போட்டாச்சு."

"அண்ணே, எனக்குக் கண்ணு தெரியாது. வழி மாறி…"

"கண்ணு தெரியலைன்னா என்னண்ணே, வாய் இருக்குல்ல? வீட்டு வாசலுக்கு வந்தவகள சாப்பிடாம அனுப்பிருவமா? ஏப்பா, அண்ணனுக்குப் பொங்கல் வையி!"

உட்கார வைத்தே விட்டார் அந்தக் காதுகுத்து வீட்டுக்காரர். அந்த நேரம் பார்த்து மனைவி போன்.

"எங்க இருக்கீக?"

பஸ்ஸில் என்று சொல்லலாம்தான். மேளம் வாசிக்கிற பஸ் மதுரையில் இன்னும் வரவில்லையே. யோசிப்பதற்குள் அவர் போனை வாங்கிக்கொண்டார். "தங்கச்சி, அண்ணன் நம்ம காதுகுத்துப் பந்தியிலதான் இருக்காரு. கவலப்படாதம்மா."

போன் திரும்பி வந்தபோது அவள் சொன்னது ஒன்றே ஒன்று: "தம்பி கெளம்பிட்டான்."

அவ்வளவுதான், இனி பைக்கிலேயே ஆயுள் தண்டனை.

இரண்டாவது வடை வருவதற்குள் வந்துவிட்டான். "ஏன் மச்சான், இம்புட்டு சர்க்கரைய வச்சுக்கிட்டு வடையா? எந்திரிங்க!"

"மாப்ள, மொதல்ல நீங்க உக்காருங்க," என்றார் வீட்டுக்காரர்.

"இல்லண்ணே, அவசரமாப் போகணும்…"

"காதுகுத்து வீட்டுல வந்து கைய நனைக்காமப் போவீகளா? எலையப் போடுப்பா!"

அவனை நாற்காலியில் அமுக்குகிற சத்தம் கேட்டது. "சட்னி கெட்டியா, தண்ணியா?" என்று ஒருத்தர், "அக்கா வரலையா?" என்று இன்னொருத்தர். அவனையே தப்பி ஓட விடாத ஆட்களும் ஊரில் இருக்கிறார்கள்.

நான் மெதுவாக எழுந்தேன். ஸ்பீக்கரை முதுகுக்குப் பின்னால் விட்டு, எதிரே கேட்ட பஸ் ஹாரனைப் பார்த்துக் குச்சியைத் தட்டிக்கொண்டு நடந்தேன். இரண்டு நாற்காலியைத் தள்ளிவிட்டேன். ஒன்றில் ஆள் இருந்தார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பஸ் ஸ்டாப்புக்கு வந்து மனைவிக்குப் போன் போட்டேன்.

"பஸ் ஸ்டாப்ல நிக்கிறேன்."

"தம்பி எங்க?"

"பந்தியில மாட்டிக்கிட்டான்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு.

"நாளைக்கு அடுத்த தெரு வழியாப் போங்க," என்றாள்.