நாட்டு உளுந்து என்று எழுதியிருந்த மூட்டை

கொஞ்ச காலமாக என் வீட்டு இட்லி தட்டையாகவே வந்துகொண்டிருந்தது. அதற்காக நான் திட்டாத பொருள் வீட்டில் பாக்கியில்லை. கிரைண்டர் கல் தேய்ந்துவிட்டது என்று ஆளைக் கூப்பிட்டுக் கொத்தவைத்தேன். நாங்கள் குடியிருக்கும் கைலாசபுரத்துத் தண்ணீரைக் குறை சொன்னேன். அரிசியை மாற்றினேன். ஆலையிலிருந்து வந்த கணவர் தட்டைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு ஊத்தப்பமா?" என்று கேட்டார். அன்றைக்கு வீட்டில் நல்ல சண்டை. உளுந்தை மட்டும் நான் சந்தேகப்படவே இல்லை, ஏனென்றால் உளுந்து என் அண்ணன் கடையிலிருந்து வந்தது.

அதே உளுந்தை வைத்துத்தான் நான் பிஎச்.டி.யும் செய்துகொண்டிருந்தேன்.

திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தேன். தற்காலிக வேலை. நாற்பதைத் தாண்டியவளைக் கூப்பிட்டு, இந்தக் கல்வியாண்டுக்குள் ஆய்வை முடித்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் அடுத்த ஜூனில் வர வேண்டாம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள்.

என் ஆய்வு நாடுகளுக்கு இடையே நடக்கும் விவசாய வியாபாரத்தைப் பற்றியது. பழைய கணக்கு மாதிரிகளில் உளுந்து என்றால் உளுந்துதான். பர்மாவில் விளைந்தாலும் தஞ்சாவூரில் விளைந்தாலும் ஒன்று, எது மலிவோ அது விற்கும். ஆனால் நம் ஆட்கள் அப்படியா வாங்குகிறார்கள்? பையை நீட்டும்போதே "நாட்டு உளுந்துதானே?" என்று கேட்பார்கள். விளைந்த நாடு வேறு என்றால் வாங்குகிறவருக்குப் பண்டமே வேறு. அதனால் புதிய மாதிரிகளில் ஓர் எண்ணைச் சேர்க்கிறார்கள். இறக்குமதிச் சரக்கின் விலை இறங்கினால் எத்தனை பேர் உள்ளூர்ச் சரக்கை விட்டு அதற்குத் தாவுவார்கள் என்று அந்த எண் சொல்லும். பெரிதாக இருந்தால் எல்லோரும் தாவுவார்கள், நம் விவசாயி தெருவுக்கு வருவார். சிறிதாக இருந்தால் தப்பித்தார். பெரும்பாலும் யாரோ எங்கேயோ கணக்கிட்ட எண்ணை எடுத்து ஒட்டிக்கொள்வார்கள். நான் என் ஊரிலிருந்தே அதை எடுக்க ஆசைப்பட்டேன்.

அண்ணனுக்கு ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் மளிகைக் கடை. என்னைப் பிஎச்.டி.க்குப் பதிவு செய்யச் சொல்லி நச்சரித்ததே அவர்தான். "என் தங்கச்சி டாக்டரு, ஊசி போடமாட்டா" என்று அப்போதே வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பார். எனக்காகக் கடை வாசலில் இரண்டு மூட்டைகளை அடுத்தடுத்து வைத்தார். ஒன்றில் 'நாட்டு உளுந்து' என்று அட்டை, இன்னொன்றில் 'பர்மா உளுந்து'. பில்லிலும் இரண்டும் தனித்தனியாக ஏறும். சனிக்கிழமைகளில் போய்ப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு வருவேன்.

அப்படி ஒரு சனிக்கிழமை, கோயில் குடும்பத்து மாமி ஒருவர் வந்தார். அண்ணன் வேண்டுமென்றே பர்மா மூட்டையைக் காட்டி, விலை குறைவு என்றார்.

"எனக்கெதுக்கு அது? பெருமாளுக்கு அமுது பண்ணணும். நம்மூர் உளுந்தே போடுங்கோ, ஜாஸ்தியானாலும் பரவாயில்லை."

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. என் ஆய்வுக் கணக்கே மடிசார் கட்டிக்கொண்டு வந்து நின்ற மாதிரி இருந்தது.

அதன் பிறகு பர்மா உளுந்து ஏகமாக வந்து இறங்கியது, விலை சரிந்தது. ஸ்ரீரங்கம் அசையவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன், எண் சிறிதாக வந்தது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸைப் பிடித்து நேரே கடைக்கு ஓடினேன். அண்ணன் காபி வரவழைத்தார், முழுவதும் கேட்டார்.

"அப்ப, பர்மா எவ்வளவு எறங்கினாலும் இவங்க நாட்டு உளுந்தை விட மாட்டாங்களா பாப்பா?"

"கொஞ்சம் பேருதான் விடுவாங்க அண்ணே. அந்தப் பேருக்கே காசு கொடுக்கறாங்க."

"அந்தப் பேருக்கே" என்று அவர் ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். என் படிப்பில் இவ்வளவு அக்கறை காட்ட வேறு யார் இருக்கிறார்கள் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் எண் இன்னும் அழகாக வந்தது. என் வழிகாட்டிப் பேராசிரியர் கை கொடுத்தார். இறக்குமதி வரியை எடுத்துவிட்டாலும் டெல்டா விவசாயிகளுக்குப் பெரிய அடி விழாது என்று முடிவுரை எழுதினேன். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கச் சில வாரங்கள்தான் இருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் கடைக்குப் போயிருந்தார். அண்ணி இட்லி வைத்தார். விரலால் அழுத்தினால் அமுங்கி எழும்பியது. எத்தனையோ நாள் கழித்து இட்லி என்று ஒன்றைச் சாப்பிட்டேன்.

"என்ன அண்ணி கிரைண்டர் வாங்கினீங்க?"

"கிரைண்டர் பழசுதாங்க. உளுந்துதான் விஷயம், ஒரு ஆழாக்கு போட்டா பானை நெறையக் காணுது. முசிறிப் பக்கம் தெரிஞ்சவங்க வயல்லேருந்து உங்க அண்ணன் தனியா வரவழைக்கறாங்க. கடைச் சரக்கை வீட்டுக்குள்ள விடறதில்ல."

"கடையிலதான் நாட்டு உளுந்து இருக்கே?"

அண்ணி சட்னியை நகர்த்தி வைத்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

கடைக்கு நடந்தே போனேன். இரண்டு மூட்டையிலிருந்தும் ஒவ்வொரு பிடி அள்ளிக் கல்லாவுக்கு முன்னால் வைத்தேன். இரண்டும் ஒரே உளுந்து. அண்ணன் கீழே பார்க்கவில்லை.

"எப்பலேருந்து?"

"நாட்டுச் சரக்கு வரத்து குறைஞ்சு போச்சு பாப்பா. வர்றவங்களை வெறுங்கையோட அனுப்பச் சொல்றியா?"

"பர்மான்னு சொல்லியே விக்கறதுதானே!"

"சொன்னா வாங்க மாட்டாங்கன்னு கணக்குப் போட்டுக் காட்டினது யாரு? அந்தப் பேருக்கே காசு கொடுக்கறாங்கன்னு நீதானே சொன்னே?"

நான் ஆசை ஆசையாகச் சொன்னதைக் கேட்டுக் காபி வாங்கிக் கொடுத்துவிட்டு, மறுநாளே மூட்டையை மாற்றியிருக்கிறார். ஸ்ரீரங்கத்துக்கே நாமம் போட்டாயிற்று, பெருமாளையும் சேர்த்து.

"எனக்கும் அதையேதானே அண்ணே கொடுத்தீங்க?"

"உனக்கு வித்தியாசம் தெரிஞ்சா நீயே கேட்டிருப்பேன்னு நெனச்சேன்."

ஏமாற்றியதைக்கூட ஒருநாள் மறந்திருப்பேனோ என்னவோ. ஊரார் தலையில் மிளகாய் அரைத்தவர், என்னையும் அந்த ஊரோடு சேர்த்துவிட்டாரே, அதுதான் இன்னமும் ஆறவில்லை. அவர் வீட்டுக்கு முசிறி, என் வீட்டுக்குப் பர்மா.

பேராசிரியரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

"பில்லுல என்ன போட்டிருக்கோ அதுதாம்மா டேட்டா. வாங்கினவங்க நாட்டு உளுந்துன்னு நம்பித்தானே வாங்கினாங்க? அப்படியே விடுங்க. அந்த நாலு மாசப் பில்லை நீக்கினா உங்க வேலை போயிடும்."

நான்கு நாள் யோசித்தேன், பொய் சொல்ல மாட்டேன். வாங்கினவர்கள் நம்பினார்கள், வாஸ்தவம். ஆனால் அந்த நம்பிக்கையால் டெல்டா விவசாயி தப்பித்துவிடுவார் என்றல்லவா நான் எழுதியிருந்தேன்? அவர் தப்பிக்கவில்லை. அவருடைய பெயர் மட்டும்தான் வாசலில் விற்றது. அவருடைய மூட்டைக்குள் பர்மா உட்கார்ந்துகொண்டு அவரை வெளியே தள்ளிவிட்டது. முந்தைய மாதங்களையும் இனி நம்ப முடியாது என்று, அண்ணன் கடைப் பில்களை முழுவதுமாக ஆய்விலிருந்து நீக்கினேன். நீக்கிய பிறகு எண் என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. ஜூன் வந்தது, நான் கல்லூரிக்குப் போகவில்லை.

இப்போது வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். அண்ணன் தீபாவளிக்குப் பலகாரமும் ஒரு பை முசிறி உளுந்தும் கொடுத்தனுப்பினார். பலகாரத்தைக் கணவர் சாப்பிட்டார். உளுந்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

போன வாரம் காந்தி மார்க்கெட்டில் முன்பின் தெரியாத ஒரு கடையில் நின்றேன். கடைக்காரர் மரியாதையாகக் கேட்டார்.

"என்னங்கம்மா வேணும், நாட்டு உளுந்தா, பர்மாவா? நாட்டு உளுந்து நேத்துதான் வந்துச்சு, ஏ ஒன் சரக்கு."

"பர்மாவே போடுங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்தப் பெயரை மட்டும் யாரும் பொய்யாக எழுத மாட்டார்கள். இட்லி தட்டையாகத்தான் வருகிறது. நான் வாங்கியது எதுவோ அதுதான் தட்டில் இருக்கிறது.