கிறிஸ்டியன் நேம் என்ற கட்டம்

1. கேட் ஓரத்து மேஜை

ராயபுரம் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு பெண்கள் கல்லூரியில் அட்டெண்டராகச் சேர்ந்த முதல் நாள், ஹெட்கிளார்க் எனக்கு ஒரே ஒரு பாடம்தான் நடத்தினார். "ஒரு கட்டம் காலியா இருந்தாலும் ஃபாரத்த வாங்காத. வாங்கினா நாளையிலிருந்து நீ வர வேணாம்."

நான் ஏழாவதோடு படிப்பை விட்டவன். போதாக்குறைக்குப் பயந்தாங்கொள்ளி. பூட்டிய கதவை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன். தெருமுனை வரை போய், நாலாவது தரம் இழுக்கத் திரும்பி வருவேன். அப்படிப்பட்டவனுக்கு அந்த ஒரு வாக்கியம் போதாதா?

அட்மிஷன் மாதத்தில் கேட் ஓரம் மேஜை போட்டு உட்கார்ந்து பி.யு.சி. ஃபாரம் கொடுக்க வேண்டும். எழுதிக்கொண்டு வருவதை வாங்கிச் சரிபார்க்க வேண்டும். ஃபாரம் முழுக்க இங்கிலீஷ். எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவேன், அர்த்தம்தான் பாதி ஊகம். முதல் கட்டம் சர்நேம், அதாவது குடும்பப் பேர். நம் ஜனங்களுக்கு அது ஏது? அதனால் எல்லாரும் அங்கேயே பெண்ணின் பேரை எழுதிவிடுவார்கள். அடுத்த கட்டம் கிறிஸ்டியன் நேம். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எதற்குக் கேட்கணும்? கிறிஸ்டியன் தெரியும், நேம் தெரியும். எங்கள் தெருவில் ஆளுக்கு இரண்டு பேர். நான் வீட்டில் குமாரு, மாதா கோயிலில் சவரிமுத்து. ஆக, அந்தக் கட்டம் கேட்பது ஞானஸ்நானப் பேரைத்தான் என்று முடிவு கட்டினேன்.

கத்தோலிக்கப் பிள்ளைகள் வந்தால் வேலை சுலபம். இங்கிலீஷ் தெரிந்த வீட்டுப் பிள்ளைகள் தாங்களே எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். மற்றவர்கள் கேட்டால்தான் சிக்கல்.

கடைசி நாளன்று வியாசர்பாடியிலிருந்து ஓர் அப்பாவும் மகளும் வந்தார்கள். அப்பா கண்ணப்பன், ரயில்வே லோகோ ஷெட்டில் வேலை. மகள் கௌதமி. அவர்கள் குடும்பத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தாண்டிய முதல் ஆள் அவள்தான். ஃபாரத்தை அழகாக எழுதிக்கொண்டே வந்தவள் இரண்டாவது கட்டத்தில் நின்றாள்.

"இன்னா நைனா," என்றார் கண்ணப்பன், "கிறிஸ்டியன் நேமுன்னு போட்டுகீது. நாங்க பௌத்தருங்கோ. நம்மாண்ட அது ஏது?"

காலியாக விட்டால் ஃபாரம் செல்லாது என்று சொன்னேன். மணி நாலாகிவிட்டது, நாலரைக்குக் கேட்டை மூடுவார்கள். அவர்களைவிட எனக்குத்தான் அதிகம் வியர்த்தது. சும்மா மேரி என்று போட்டுவிடுங்கள், யார் கேட்கப் போகிறார்கள் என்று நானே யோசனை சொன்னேன்.

"பொய்யாச்சேண்ணே," என்றாள் கௌதமி.

"போடும்மா," என்றார் அப்பா. "பேருதான கேக்குறாங்கோ, ஆளையா கேக்குறாங்கோ."

மேரி என்று எழுதினாள். நான் வாங்கி அடுக்கினேன். ஒரு கட்டம் காலியில்லை. அன்று எனக்கு நல்ல தூக்கம்.

2. யார் மேரி?

பத்து நாள் கழித்து பிரின்ஸிபல் மதரின் அறையில் இன்டர்வியூ. ஃபைல் எடுத்துக் கொடுக்க நான் மூலையில் நிற்பேன். கௌதமியின் முறை வந்ததும் ஹெட்கிளார்க் அவள் ஃபாரத்தைத் தனியாக எடுத்து வைத்தார். மார்க் பிரமாதம், ஆனால் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் மேரி இல்லை, மதம் என்ற கட்டத்தில் பௌத்தம் என்று இருக்கிறது, கிறிஸ்தவப் பெண்களுக்கு ஒதுக்கிய சீட்டைப் பிடிக்கப் பொய்ப் பேர் போட்டிருக்கிறாள், இது ஃபோர்ஜரி என்றார்.

நான் டெம்பரரி. உண்மையைச் சொன்னால் போதும், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வாயைத் திறக்காவிட்டால் அந்தப் பெண்ணுக்கு ஒரு வருஷம் போச்சு. ஃபோர்ஜரி என்ற பேரும் கூடவே போகும்.

மதர் மங்களூர்க்காரர். தமிழைப் புத்தகத்தில் படித்தவர், புத்தகம் மாதிரியே பேசுவார். "யார் இந்த மேரி?"

"நான்தான் எழுதினேன், மதர்."

"எதற்காக?"

"காலியா வுட்டா ஃபாரம் திரும்பி வந்துடும்னு பயமா இருந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கதவோரம் நின்ற கண்ணப்பன்தான் பார்த்தார். பார்த்துவிட்டு மெதுவாகத் தலையை ஆட்டினார். நீ பேசாதே, உன் பொழப்பு கெட்டுடும் என்று அதற்கு அர்த்தம். அதைத் தாங்க முடியவில்லை.

"மதர், எழுதச் சொன்னது நான்," என்றேன். குரல் கீச்சென்று வந்தது. ஞானஸ்நானப் பேர், குமாரு, சவரிமுத்து, காலிக் கட்டம் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினேன்.

மதர் கண்ணாடியைக் கழற்றினார். "சவரிமுத்து, இங்கிலீஷில் அதற்குச் சொந்தப் பெயர் என்றுதான் அர்த்தம். எந்த மதத்தவருக்கும் அது உண்டு."

தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது. அடுத்து அவர் கேட்டதுதான் மோசம். "இன்னும் எத்தனை பேருக்கு இப்படி ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறாய்?"

வேண்டாமென்று தள்ளிவைத்த ஃபாரக் கட்டைப் பிரித்தோம். திருவொற்றியூர் பூக்கடைக்காரர் மகள் ஸ்டெல்லாவாகியிருந்தாள். நூர்ஜஹான் கேத்தரின் ஆகியிருந்தாள். இரண்டு பேரும் நல்ல மார்க். பேர் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை என்று இரண்டு பேரையும் இன்டர்வியூவுக்கே கூப்பிடாமல் ஒதுக்கியிருந்தார்கள். கடைசி நாள் அவசரத்தில் வந்த கௌதமியின் ஃபாரம்தான் அதில் தப்பியிருந்தது. நூர்ஜஹான் கேத்தரின் என்று வாசிக்கும்போது மதரின் தோள் குலுங்கியது. சிரித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது.

ஹெட்கிளார்க், இது வருஷக்கணக்காக அச்சடிக்கிற ஃபாரம், யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை என்றார்.

"சந்தேகம் வந்தவர்களைத்தான் இந்தக் கட்டுக்குள் வைத்திருக்கிறோம்," என்றார் மதர்.

கௌதமிக்கு அங்கேயே சீட் கொடுத்தார். மற்ற இருவருக்கும் தபால் கார்டு போட்டால் நாளாகும் என்று என்னையே நேரில் போய்க் கூப்பிட்டுவர அனுப்பினார். டோல்கேட் ஸ்டாப்பில் பஸ் மாறும்போதுதான் எனக்கு வேலை போகவில்லை என்பதே உறைத்தது.

3. ஸ்கேலும் மையும்

தண்டனை இல்லாமல் இல்லை. மீதியிருந்த ஃபாரம் அத்தனையிலும் அந்த இரண்டு வார்த்தையை ஸ்கேல் வைத்து அடித்து, மேலே 'பெயர்' என்று தமிழில் எழுத வேண்டும். நாலு நாள் எழுதினேன். ஏழாங்கிளாஸ் கையெழுத்து காலேஜ் ஃபாரத்தில் ஏறியது அப்படித்தான்.

இப்போது ஆபீஸ் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் வேலை போய்விடும் என்றுதான் நான் பயந்தேன். போக இருந்தது என் வேலையல்ல, மூன்று பெண்களின் படிப்பு. வெளியிலிருந்து வருகிறவர்களுக்குக் காலேஜ் என்றால் மதர் இல்லை, கேட்டில் உட்கார்ந்திருக்கிறவன்தான். அவன் வாயில் வருவதுதான் சட்டம். ஆகவே எழுந்து உள்ளே போய்க் கேளுங்கள். பத்தடிதான்.

அடுத்த வருஷம் ஓர் அம்மா மகளோடு வந்து, இங்கே என்ன பேர் போடணும் என்று கேட்டாள். நான் ரொம்பப் பெருந்தன்மையாக, "உங்க பொண்ண வீட்ல எப்படிக் கூப்பிடுவீங்களோ, அதையே போடுங்கம்மா," என்றேன்.

பாப்பா என்று எழுதிக் கொடுத்தாள். நான் எழுந்து உள்ளே போனேன்.