செத்த பைலட் எழுந்து வந்த படம்

நான் சொல்லச் சொல்லப் பேத்தி நம்மூர் வாட்ஸ்அப் குரூப்பில் தட்டுகிறாள்.

இன்று பாண்டிச்சேரியிலிருந்து மரக்காணம் வரும் பஸ்ஸில் இரண்டு காலேஜ் பையன்கள். ராக்கெட் படத்தின் ஆறாம் பாகம் பார்த்துவிட்டு ஒரே சண்டை.

"செத்த பைலட் எப்படிடா திரும்பி வருவான்? மொதல் பாகத்துல இந்த டுபாக்கூர் வேலையே கிடையாது!"

"ஏம்பா, அதுலயும் இன்டர்வெல்லுக்கு முன்னாடி செத்து, அப்புறம் வந்தானே? உப்பளத்து ஆளுங்க மொத்தமும் விசிலடிச்சோம்," என்றேன்.

"எங்க பார்த்தீங்க தாத்தா?"

"நம்மூரு டென்ட் கொட்டாயில. இங்கிலீசுலயே."

இருவரும் சண்டையை மறந்து சிரித்தார்கள். "ரீல மாத்தி ஓட்டியிருக்கான் தாத்தா! அவன் கடைசியிலதான் சாவான்."

இத்தனை வருடம் உயிரோடு இருந்தவனை, பொம்மையார்பாளையம் தாண்டுவதற்குள் கொன்றுவிட்டார்கள்.

அந்தக் கொட்டாயில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்: நாம் பார்த்த கதைதானே நல்ல கதை?