ஜில்பேர் உயரத்துக்கு ஒரு கம்பம்

மரிவோனை நான் முதன்முதலில் பார்த்தது, அவர் ஒரு பையைப் பறித்துக்கொண்டு போனபோது.

மொந்தாலே ஊரின் எல்லையில், பழைய ரயில் பாதையை ஒட்டி ஒரு வீடு. தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டுத் தார் போட்ட பாதை அது. கார் வராது, சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் மட்டும். அந்த வீட்டு வாசலில் ஒரு வயதானவர் துணிப்பையொன்றை நீட்டிப் பிடித்தபடி நின்றிருந்தார். வளைவில் ஒரு சைக்கிள் தெரிந்தது. வேகம் கொஞ்சமும் குறையவில்லை. கண் இமைப்பதற்குள் பை இவர் கையில் இல்லை. தோளில் அதை மாட்டிக்கொண்டு ஒரு நரைத்த பின்னல் காட்டுக்குள் மறைந்துகொண்டிருந்தது.

“காபியும் ரொட்டியும்” என்றார் அவர், நான் வாயைப் பிளந்து நின்றதைப் பார்த்து. “என் பெண்டாட்டிதான். திருடி இல்ல.”

“இறங்கிச் சாப்பிட மாட்டாங்களா?”

“யாரு, மரிவோனா?” என்று சிரித்தார். “கல்யாணத்தன்னிக்கு மோதிரம் போட நின்னா. அப்புறம் நின்னு நான் பாக்கல.”

அவர்தான் ஜில்பேர். நான் அப்போது வட்டார ஆபீசில் அந்தப் பாதையைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்து ஒரு வாரம். எங்கள் வீட்டில் நாலு தலைமுறையாக ஆடுதான். ஆடு, சீஸ், வியாழக்கிழமை சந்தை. பட்டம் என்று வாங்கியவன் நான் ஒருவன்தான். புவாத்தியே பல்கலைக்கழகத்தில் புவியியல். சீஸ் வாங்க வருகிறவர்களிடம் அப்பா இன்றைக்கும் அந்தச் சட்டம் போட்ட தாளைக் காட்டிவிட்டுத்தான் பொட்டலம் கட்டுகிறார். நானும் தடுப்பதில்லை.

மரிவோன் ப்ருனோ பதினாறு வயதில் சட்டை தைக்கும் பட்டறைக்குப் போனவர். காலர் பிரிவில் உட்கார வைத்தார்கள். அரைமணிக்கு ஒரு தரம் எழுந்து நூல் எடுக்கப் போவார், ஊசி எடுக்கப் போவார், யாருக்கோ ஜன்னல் திறந்துவிடப் போவார். மேஸ்திரி பொறுத்துப் பார்த்துவிட்டு, துணிக்கட்டுகளை மேசைமேசையாகக் கொண்டுபோய்ப் போடும் வேலைக்கு மாற்றிவிட்டார். ஆண்கள் செய்யும் வேலை. மரிவோன் அதில் முப்பது வருஷம் சந்தோஷமாக ஓடினார். ஞாயிறு ஆனால் சைக்கிள் பந்தயம். ப்ரேன் பகுதியில் ஏரிகளைச் சுற்றி நடந்த பந்தயங்களில் அவர் முதுகைப் பார்த்தபடியே வந்து சேர்ந்த பெண்கள் இன்னும் நாலைந்து பேர் இருக்கிறார்கள். வாராவாரம் வியாழக்கிழமை ரூஸ் ஏரிக்கரைக் காபிக்கடையில் அவர்கள் கூடுவார்கள். சைக்கிளில்தான் வருவார்கள், அது அவர்களுக்குள் எழுதாத சட்டம்.

மரிவோன் மட்டும் மூன்று வருஷமாக அங்கே போகவில்லை. ஏதோ கோபம் என்று பேசிக்கொண்டார்கள்.

என் வேலையில் முக்கியமானது எண்ணிக்கை. தாருக்கு அடியில் புதைத்த ஒரு கருவி, மேலே சக்கரம் உருளும்போதெல்லாம் ஒன்று என்று எண்ணும். பாதையை ஓர் இடத்தில் ஷாத்தோரு சாலை குறுக்கே வெட்டுகிறது. லாரிகள் ஓயாத சாலை. அதற்கு இந்தப் பக்கம், ஊர்ப்பக்கம், ஒரு கருவி. அந்தப் பக்கம், காட்டையும் ஏரிகளையும் நோக்கிப் போகும் வழியில், இன்னொன்று. இந்தப் பக்கக் கருவி கூட்டத்தைக் காட்டியது. அந்தப் பக்கம் ஈ ஓட்டியது. நவம்பர் மழையிலும் அப்படியே.

மேயர் யானிக்குக்குத் தலைகால் புரியவில்லை. “பாத்தியா பட்டதாரி! மழையிலகூட ஜனம் வருது. வந்து, அந்த ரோட்டைப் பாத்துப் பயந்து திரும்புது. அடியில ஒரு சுரங்கப்பாதை போட்டா ஏரிவரைக்கும் திருவிழாதான்.”

நானும் அப்படித்தான் ரிப்போர்ட் எழுதினேன். வரைபடம், வளைகோடு எல்லாம் போட்டு நன்றாகவே எழுதியிருந்தேன்.

அது போய்ச் சேர்ந்த பிறகுதான், திரும்பிப்போகும் அந்த ஜனத்தைக் கண்ணால் பார்க்கலாமே என்று ஒரு மடக்கு நாற்காலியோடு சாலையோரம் போய் உட்கார்ந்தேன். தூறிக்கொண்டிருந்தது. மரிவோன் வந்தார். ‘நில்’ பலகைக்கு முன்னால், பாதை அகலமாகும் இடத்தில், கால் ஊன்றாமல் ஒரு வட்டம் போட்டார். போனார். கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தார். வட்டம். போனார். நாய் கூட்டிக்கொண்டு ஒருவர் நடந்து போனார். மறுபடி மரிவோன். மத்தியானம் வரை அங்கே வந்த ஜனம் அவர்தான்.

அடுத்த வட்டத்தில் கூப்பிட்டேன். “மதாம், ஒரு நிமிஷம் பேசணும்!”

“பேசணும்னா கூட வா. நிக்க மாட்டேன்.”

ஆபீஸ் சைக்கிளை எடுத்துக்கொண்டு துரத்தினேன். பக்கத்தில் போய்ச் சேருவதற்குள் நாக்கு வெளியே வந்துவிட்டது.

“மூச்சு விடு தம்பி. அப்புறம் பேசு. ஆட்டுப்பால் குடிச்சு வளந்தவன்தானே நீ?”

“மதாம்… அந்தக் கருவியில… கூட்டம்னு காட்டுதே… அது நீங்கதான். நீங்க ஒருத்தர்தான்.”

ஹேண்டில் ஆடியது, புல்லில் இறங்கி மறுபடி தாருக்கு ஏறினார். அப்படிச் சிரித்தார். “நானா ஜனம்? யானிக் பத்திரிகைக்காரனைக் கூட்டி வந்து காட்டின ஜனமா?”

“சிரிக்காதீங்க. அதை வெச்சு சுரங்கப்பாதை கேட்டிருக்கு.”

சிரிப்பு நின்றது. மிதிப்பது நிற்கவில்லை. “சுரங்கம்னா? கீழ பூந்து அந்தப் பக்கம் போயிடலாமா? நிக்காம?”

“நிக்காம.”

“நிக்காம” என்று தனக்குள் ஒரு தடவை சொல்லிக்கொண்டார். பிறகு வீடு வரும்வரை இன்னும் வேகமாக மிதித்தார்.

வாசலில் ஒரு கல் கிடந்தது, முழங்கால் உயரம். அதை ஒட்டி வந்து, ஜில்பேரின் தோளைப் பிடித்துக்கொண்டு, கல்லின்மேல் இடது காலை வைத்து நின்றார். வலது கால் அசையாமல் சைக்கிளின் மேலேயே கிடந்தது. அதைக் கையால் தூக்கி எடுத்தார், ஒரு விறகைத் தூக்குகிற மாதிரி.

“ரெண்டு தடவை இடுப்பை அறுத்தாங்க” என்றார். “மிதிக்கிறதுக்கு ஒரு குறையும் இல்ல. மேல ஏறத்தான் வராது. இந்தக் கல்லு இருந்தா ஏறுவேன். அங்க ரோட்டுல கால் ஊன்றினேன்னா, அங்கயேதான்.”

“ஒருநாள் அப்படித்தான் ஊன்றிட்டா” என்றார் ஜில்பேர்.

“நீ சும்மா இரு.”

“உருட்டிக்கிட்டே நடந்து வந்தா. வழியில யாராவது கேட்டா பஞ்சர்னு சொல்லணுமேன்னு, டயர்ல காத்தைத் தானே பிடுங்கி விட்டுட்டு வந்தா.”

“பொய் சொல்றதுன்னா ஒழுங்கா சொல்லணும்” என்றார் மரிவோன். பிறகு என் பக்கம் திரும்பினார். “வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு இது தெரியாது. தெரியவும் வேணாம். நான் கோவக்காரின்னே நெனைக்கட்டும். சைக்கிள்ல ஏறத் தெரியாத மரிவோன்னு அவங்க வாயால ஒரு தடவை கேட்டேன்னா, அப்புறம் வண்டியத் தொடமாட்டேன்.”

“மோட்டார் வெச்ச, தாழ்வான வண்டி ஒண்ணு வாங்கிக் கொடுத்தேன்” என்றார் ஜில்பேர். “கொட்டகையில கோழி அதுமேல தூங்குது.”

“அது சந்தைக்குப் போற வண்டி. எனக்கு என் வண்டியில அந்த ஏரிக்குப் போகணும். வேற ஒண்ணும் வேணாம்.” ஏற்கெனவே கல்மேல் நின்று சைக்கிளைச் சாய்த்துக்கொண்டிருந்தார். “சுரங்கத்தைப் பத்தி ஊர்க்கூட்டம் எப்போ?”

“வெள்ளிக்கிழமை சாயங்காலம், மதாம்.”

“நீ வாயத் திறக்காத. நானும் திறக்கல.”

அந்த வாரம் இந்தப் பக்கக் கருவி அதுவரை காட்டாத எண்ணிக்கையைக் காட்டியது. ராத்திரி வீட்டுக்குள்ளும் சும்மா இருக்கவில்லை என்றார் ஜில்பேர். அலமாரித் துணியையெல்லாம் இறக்கி மடித்து ஏற்றினாராம், மறுநாள் மறுபடி இறக்கினாராம். சூப் ஆறிப்போகும், கரண்டியோடு ஜன்னலுக்கும் மேசைக்கும் நடப்பாராம். “சுரங்கம் வந்தா ஏரிக்குப் போயிடுவா. அதுதானே அவளுக்கு வேணும்? அப்புறம் ஏன் இப்படி வளைய வரா?” என்று கேட்டார். எனக்கும் அந்த வாரம் ஒரு வேலையும் ஓடவில்லை.

வெள்ளிக்கிழமை ஊராட்சி மண்டபம் நிறைந்திருந்தது. வியாழக்கிழமைக் கூட்டத்துப் பெண்களில் இரண்டு பேர் முன்வரிசையில். மரிவோன் கடைசியில், சுவரோரமாக, கைத்தடியோடு நடந்துகொண்டே இருந்தார்.

யானிக் என் வளைகோட்டைப் பெரிதாக அச்சடித்து மாட்டியிருந்தார். “இத்தனை பேர் தினமும் அந்த ரோட்டுக்கு வந்து ஏமாந்து திரும்புறாங்க! பள்ளிக்கூடக் கூரை இன்னொரு வருஷம் தாங்கும். இது தாங்காது.”

“கூரை ஒழுகுதுங்க” என்றார் மாட்டுக்காரர் ஒருவர். “பிள்ளைங்க வாளி வெச்சுக்கிட்டுப் படிக்குது.”

“ஒரு வருஷம்தானே!”

தடி சத்தம் நின்றது. யானிக் நிமிர்ந்து பார்த்தார். “மதாம் ப்ருனோ, உக்காருங்களேன். எங்களுக்குத் தலை சுத்துது.”

“உக்கார முடிஞ்சா உனக்கு இந்தப் பிரச்சினையே வந்திருக்காது, யானிக். அந்தக் கோடு இருக்கே, அது நான்.”

“எது நீங்க?”

“அந்த ஜனம். காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் போறதும் வர்றதும் நான் ஒருத்திதான். பட்டதாரிக்கும் தெரியும். கேளு.”

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. ஆமாம் என்று தலையாட்டினேன். பின்னால் யாரோ சிரிக்க ஆரம்பித்து, மண்டபமே சிரித்தது. யானிக்கின் காது சிவந்துபோனது. அதோடு விட்டிருக்கலாம். மாட்டுக்காரர்தான் கேட்டார்: “ஏன் மரிவோன், நின்னு ரெண்டு பக்கமும் பாத்துட்டுத் தாண்ட வேண்டியதுதானே? நீ என்ன பயந்தவளா?”

மரிவோன் முன்வரிசையைப் பார்த்தார். தடியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார், மறுபடி மாற்றினார்.

“இறங்கினா ஏற வராது” என்றார். “மூணு வருஷமா. பிடிக்க ஒண்ணு இருந்தா இறங்காமலே நிப்பேன். வீட்டுல ஜில்பேரைப் பிடிக்கிறேன். அங்க பிடிக்க ஒண்ணுமில்ல.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒருத்தி திரும்பி, “அடிப் பாவி, நாங்க என்னவோ நெனச்சோமே” என்றாள்.

“அதுக்குத்தான் சொல்லல.”

“அப்போ சுரங்கம் எதுக்கு?” என்றார் மாட்டுக்காரர். “ரெண்டு கம்பம் நட்டா ஆச்சு. எவ்வளவு உயரம் வேணும்?”

“ஜில்பேர் உயரம்” என்றார் மரிவோன். “தோள் வரைக்கும். தலை வேணாம், அது தொணதொணக்கும்.”

வேலி போட வைத்திருந்த ஓக் மரக்கட்டைகளில் இரண்டை மாட்டுக்காரரே கொண்டுவந்து நட்டார், சாலைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

கம்பம் நட்ட அடுத்த வியாழக்கிழமை ஜில்பேரும் நானும் சாலையோரம் போய் நின்றோம். மரிவோன் வந்தார். பழக்கத்தில் வட்டம் போட்டுத் திரும்பிவிட்டார். மறுபடி வந்தார், இந்தத் தடவை கை நீண்டு கம்பத்தைப் பிடித்தது. சைக்கிள் நின்றது. இரண்டு காலும் மிதியில். லாரி போனது, பால் வண்டி போனது, ஒரு டிராக்டர் அசைந்து அசைந்து போனது. பிறகு இரு பக்கமும் சாலை காலி. மரிவோன் போகவில்லை. இன்னொரு கார் வந்து போனது. மறுபடி காலி. விரல்கள் கட்டையை விட மறுத்தன. நான் வாயைத் திறந்தேன். ஜில்பேர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“விடு. அவ நின்னு நான் பாத்ததே இல்ல. கொஞ்சம் பாத்துக்கறேன்.”

அது மரிவோன் காதில் விழுந்துவிட்டது. “கிழவனுக்கு வேடிக்கை!” என்று ஒரு சத்தம். கை விட்டது. நாங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் அந்தப் பக்கக் கம்பத்தைத் தொடாமலே தாண்டி, பின்னல் ஆட, காட்டுக்குள் போய்விட்டார்.

சுரங்கப்பாதை வரவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கூரை வந்தது. அந்தக் கட்டைகளை ஊரில் எல்லோரும் ஜில்பேர் என்றுதான் சொல்கிறார்கள். “ஜில்பேர்கிட்ட நின்னு பாத்துப் போ” என்று பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புகிறார்கள்.

மரிவோனுக்கு இப்போது எழுபத்துமூன்று வயது. அதே வீட்டில், அதே சைக்கிளோடு இருக்கிறார். நிஜ ஜில்பேர் ரூஸ் ஏரிக்கரையில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருக்க, மரிவோன் ஏரியைச் சுற்றிச் சுற்றி வந்து, போகிற போக்கில் பையை வாங்கிக்கொள்கிறார். வியாழக்கிழமைகளில் காபிக்கடை மேசையைப் பிடித்துக்கொண்டு, சைக்கிளை விட்டு இறங்காமலே காபி குடிக்கிறார். பாதை ஏரிக்கு அப்பால் ஏன் முடிந்துபோகிறது என்று கேட்டுப் போன மாதமும் எங்கள் ஆபீசுக்கு வந்திருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.