கேளாமல் கட்டிய வீடு

நான் கண்டிக்குப் போனது ஊர் பார்க்க அல்ல, டைல்ஸ் காட்ட. மகள் அங்கே பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் படிக்கிறாள். எங்கள் கல்முனைப் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்குக் குடிவருவார். மகளுக்கென்று தொடங்கிய வீட்டுக்குக் கூரை போட்டாயிற்று. இனி நிலத்துக்குப் பதிக்கிற டைல்ஸ் எந்த நிறம் என்பதுதான் பாக்கி. இரண்டு மாதிரிக் கல்லைத் துவாயில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பல்கலைக்கழகத்துக்குள் மழை தூறிக்கொண்டிருந்தது. ஒரு மரத்தடியில் யாரோ மேளம் தட்டிப் பழகினார்கள். இன்னொரு பக்கம் பாட்டு. மதில் முழுக்க மூன்று மொழியிலும் நாடக அறிவித்தல்கள். படிக்க வந்த பிள்ளைகளா, கல்யாண வீட்டுக்கு வந்தவர்களா என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

மகள் ஒரு மண்டபத்தில் நாடகம் பழக்கிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அறைக்குள் ஒளிகிற பிள்ளை, இங்கே பத்துப் பேரைச் சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறி அதட்டினாள். அவர்களும் கேட்டார்கள். பெருமையாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

கன்டீனில் கல்லை எடுத்து மேசையில் வைத்தேன்.

“ரெண்டும் வடிவுதான் உம்மா. ஆனா, எனக்கு இங்கயே வேல கிடைச்சா?”

“உலகத்துல பொம்புளப் புள்ளைக்கு வீடில்லாம எத்தின பேர் அழுறாங்க. ஒனக்கு வீடு கூடிப்போச்சா?”

பக்கத்து மேசை திரும்பிப் பார்த்தது. மகள் குரலை உயர்த்தவில்லை.

“வீடு வேணாமெண்டு நான் சொல்லல்ல. கட்ட முதல் என்னட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?”

கேட்கவில்லை. எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை. என்னையும் கேட்கவில்லை. அட்டாளைச்சேனையில் ஆசிரியர் கலாசாலைக்குப் போக எனக்கு இடம் கிடைத்திருந்தது. ஆனால் வீடு முடிந்துவிட்டது, வீடு சும்மா கிடக்கக் கூடாது என்று என் வாப்பா கல்யாணத்தை வைத்தார். அவர் எனக்குக் குறை வைத்தாரென்று சொன்னால் பாவம். ஆனாலும் அந்த வீட்டுக்குள் போன முதல் கிழமை முழுக்க நான் அழுதேன். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மகளிடம் சொன்னேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் முன்னாலேயே என் கணவருக்குப் போன் எடுத்து, வீடு கட்டுகிற வேலையை நிற்பாட்டச் சொன்னேன்.

“எத்தின நாளைக்கு?” என்றார்.

“அவ சொல்லுற வரைக்கும்.”